வெள்ளிக்கிழமை ஐந்து மணி வரை

கடிதம் வந்து இன்றோடு எட்டு நாள். எட்டு நாளாக ஒடீலியா சில்வெய்ரா ஒரு பொய்யை வைத்துக்கொண்டு திண்டாடிக்கொண்டிருந்தாள்.

நீளமான பொய் இல்லை. "எனக்கும் இல்லடி." அவ்வளவுதான். போன வியாழக்கிழமை சாயங்காலம், சாப்பாட்டு மேஜையில் முகம் கவிழ்ந்து கிடந்த மகளின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னது. மரீசா தலையை நிமிர்த்தி அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து கட்டிக்கொண்டாள். "பரவாயில்லம்மா" என்று அவள்தான் அம்மாவுக்குச் சொன்னாள்.

அம்மாவும் மகளும் ஒரே பல்கலைக்கழகத்துக்கு, ஒரே நாளில் விண்ணப்பம் போட்டவர்கள். இருவருக்கும் இயந்திரப் பொறியியல்தான். முதல் இரண்டு வருடப் பாடங்களை ஊரிலேயே சமுதாயக் கல்லூரியில் முடித்துவிட்டு, மூன்றாம் வருடத்துக்குக் கடற்கரைப் பக்கம் இருக்கிற பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்வது என்று திட்டம். காரில் நான்கு மணி நேரத் தூரம். ஒரு அறை எடுத்துச் சேர்ந்து தங்கலாம், சனி ஞாயிறு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று இரண்டு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இருபது வயது மகளுக்கு இடமில்லை என்று வந்தது. நாற்பத்து நான்கு வயது அம்மாவுக்கு இடம் வந்தது.

ஏற்றுக்கொள்கிறேன் என்று தெரிவிக்க இன்று மாலை ஐந்து மணி கடைசி. ஒன்றும் தெரிவிக்காவிட்டால் இடம் தானாகவே வேறு யாருக்கோ போய்விடும்.

போய்விடட்டும் என்றுதான் ஒடீலியா நினைத்திருந்தாள். இன்று மத்தியானம் வரைக்கும்.

* * *

ஏழரை மணிக்கே வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. மரீசா காரை ஓட்டினாள். இரண்டு பக்கமும் பாதாம் தோட்டம். அது முடிந்ததும் மாட்டுப் பண்ணைகளின் வாடை கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தும் உள்ளே வந்தது. கடைசிப் பரீட்சை நாள். வகைக்கெழுச் சமன்பாடுகள்.

மற்ற பரீட்சைகளுக்குப் போகும்போது கார் இரைச்சலாக இருக்கும். அம்மா கேள்வி கேட்பாள், மகள் பதில் சொல்வாள். அடுத்த சிக்னலில் மாறிக்கொள்வார்கள். இன்றைக்கு மரீசா ரேடியோவைப் போட்டாள். போட்டவள் ஒரு பாட்டு முடிவதற்குள் அணைத்தாள்.

"டீ குடிச்சியாம்மா?" என்று கேட்டாள்.

காலையில் டீ போட்டுக் கையில் கொடுத்ததே அவள்தான். ஒரு வாரமாக அப்படித்தான். ஒடீலியா குடித்தேன் என்றாள்.

இந்த ஒரு வாரமும் வீட்டில் எல்லாரும் அவளிடம் பட்டுப் போல நடந்துகொண்டார்கள். துவார்த்தே, அவள் கணவன், பால் லாரி ஓட்டுகிறவன், பூங்கொத்து வாங்கிவந்தான். கல்யாணமான இந்த இருபத்திரண்டு வருடத்தில் அது மூன்றாவது பூங்கொத்து. சனிக்கிழமை அவளை ஏரிக்கரை ஓட்டலுக்குக் கூட்டிப்போய் இறால் வாங்கிக் கொடுத்தான். இடம் கிடைக்கவில்லையென்றால் என்ன, நீ இவ்வளவு படித்ததே பெரிய விஷயம் என்று ஆறுதல் சொன்னான். ஒடீலியா இறாலைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினாள். தனக்கு இல்லாத துக்கத்துக்கு ஆறுதல் வாங்கிக்கொள்வது திருட்டுப் போல இருந்தது.

அவள் படிக்க வந்த கதை ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் பத்தொன்பது வருட வேலை. வெட்டு மேடையில் ஆரம்பித்தவள். இயந்திரம் எங்கே முனகுகிறது, எந்தப் பல்சக்கரம் இன்னும் ஒரு வாரம்தான் தாங்கும் என்று சத்தத்தை வைத்தே சொல்வாள். ஆறு வருடத்துக்கு முன்னால், உப்புநீர்த் தொட்டியின் பம்பு அடிக்கடி நின்றுபோனதற்கு என்ன காரணம் என்று புதிதாக வந்த ஒரு இளம் பொறியாளரிடம் சொன்னாள். அவன் அதைத் தன் பெயரில் அறிக்கையாக எழுதிக் கொடுத்து, மேல் பதவிக்குப் போனான். ஒடீலியா மேலாளரிடம் போய், என்னைப் பராமரிப்புப் பிரிவுக்காவது மாற்றுங்கள் என்று கேட்டாள். பட்டம் இருக்கிறதா என்று மேலாளர் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருந்தது.

அடுத்த மாதமே கல்லூரியில் போய்ச் சேர்ந்தாள். நேராகப் பொறியியல் பாடத்தில் விடவில்லை. பின்னக் கணக்கிலிருந்து ஆரம்பித்தாள். ஒரு பருவத்துக்கு ஒரு பாடம், இரண்டு பாடம் என்று நான்கு வருடம் ஏறிவந்து நுண்கணிதத்தைத் தொட்டபோது, பள்ளி முடித்த மகளும் அதே வகுப்பில் வந்து உட்கார்ந்தாள்.

* * *

பரீட்சையில் ஐந்தாவது கேள்வி ஒரு தொட்டியைப் பற்றியது. ஒரு பக்கம் உப்புநீர் வந்து விழுகிறது, இன்னொரு பக்கம் கலந்த நீர் வெளியேறுகிறது. இருபது நிமிடம் கழித்து உப்பு எவ்வளவு இருக்கும். ஒடீலியா தனக்குள் சிரித்துக்கொண்டாள். பத்தொன்பது வருடமாக அந்தத் தொட்டிப் பக்கத்தில் நின்றவளிடமா கேட்கிறார்கள்.

எழுதி முடித்துவிட்டு இரண்டு வரிசைக்கு முன்னால் இருந்த மரீசாவைப் பார்த்தாள். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாளைக் கொடுத்துவிட்டு முதல் ஆளாக வெளியே போனாள்.

ஆசிரியர் ஹகோபியன் வாசலில் ஒடீலியாவை நிறுத்தினார். சிபாரிசுக் கடிதம் எழுதியவர் அவர். இடம் கிடைத்தது என்று அவள் சொல்லியிருந்த ஒரே ஆளும் அவர்தான்.

ஏற்றுக்கொண்டாயிற்றா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் ஒரு மாணவன் மதிப்பெண் பற்றிக் கேட்க வந்துவிட்டான். அவர் அவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டே, ஒடீலியா படியிறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

* * *

அங்கிருந்து இருவரும் நேராகத் திருவிழா மண்டபம்.

பரிசுத்த ஆவித் திருவிழாவுக்கு இன்னும் இரண்டு நாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், வருகிறவர்கள் எல்லாருக்கும் சோப்பாஸ் போட வேண்டும். தட்டில் ரொட்டியை அடுக்கி, புதினா போட்டு, கொதிக்கக் கொதிக்க மாட்டிறைச்சிச் சாற்றை ஊற்றிக் கொடுப்பார்கள். ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு. இந்த வருட மண்டபத் தலைவர் துவார்த்தே. தலைவர் மகள் என்பதால் மரீசாதான் திருவிழா ராணி, ஊர்வலத்தில் அங்கி போர்த்தி முன்னால் நடப்பவள். கடலுக்கு அப்பால் அசோர் தீவுகளிலிருந்து பால் மாடு பிழைப்புக்காக இந்த ஊருக்கு வந்த குடும்பங்களில் இதைவிடப் பெரிய மரியாதை இல்லை. துவார்த்தேவின் அப்பாவுக்குக் கிடைக்காமலே போன மரியாதை அது.

சமையலறையின் அதிகாரம் முழுக்க ஈல்டாவிடம். துவார்த்தேவின் அக்கா. ஒடீலியா உள்ளே நுழைந்ததுமே சமையல் ஏப்ரனை எடுத்து அவள் கழுத்தில் மாட்டினாள்.

"பரீட்சை முடிஞ்சுதா? இனிமேலாவது மனுஷியா இருப்பியா?"

"இருக்கேன் அண்ணி."

"இடம் கிடைக்கலைன்னு துவார்த்தே சொன்னான். நல்லதுக்குத்தான்னு வெச்சுக்கோ. இந்த முட்டைக்கோஸை நாலா வெட்டு."

ஒடீலியா வெட்டினாள்.

ஒன்றரை மணி வாக்கில் துவார்த்தே வந்தான். தன் போன் சார்ஜ் இல்லாமல் செத்துவிட்டது, ஐஸ்காரன் கூப்பிடுவான், உன்னுடையதைக் கொடு என்று கேட்டான். ஈரக் கையோடு இடுப்புப் பக்கம் திரும்பிக் காட்டினாள். அவனே பையிலிருந்து எடுத்துக்கொண்டான். போகும்போது அவள் தலையில் முத்தமிட்டான். பக்கத்தில் இருந்த பெண்கள் ஓவென்று கிண்டல் செய்தார்கள்.

கையில் போன் இல்லாததில் ஒரு நிம்மதிகூட இருந்தது. இனி அவள் செய்ய ஒன்றும் இல்லை. ஐந்து மணி தானாக வரும், தானாகப் போகும். மகளுக்கு இல்லாதது தனக்கும் வேண்டாம். அடுத்த வருடம் இரண்டு பேரும் சேர்ந்து மறுபடி போடலாம். கிடைத்தால் கிடைக்கட்டும்.

இரண்டரைக்கு, குப்பையைக் கொட்டுகிற சாக்கில் வெளியே வந்து சாலையைப் பார்த்தாள். துவார்த்தேவின் வண்டியைக் காணோம்.

மூன்றேகாலுக்கு மறுபடி வந்தாள். இந்தத் தடவை கையில் குப்பை இல்லை. வாகனம் நிறுத்துகிற இடத்தின் கடைசி வரைக்கும் நடந்து, கால்வாய்ப் பாலம் தெரிகிற இடத்தில் நின்றாள்.  அப்போதுதான் அவளுக்கே விளங்கியது. எட்டு நாளாக அவள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுத்ததாக நினைத்துக்கொண்டு, கடைசி நாளுக்காகக் காத்திருந்திருக்கிறாள்.

நான்கு மணிக்கு மூன்றாவது தடவை வந்தாள். சாலை வெறிச்சென்று கிடந்தது. துவார்த்தேவின் எண்ணுக்குக் கூப்பிடலாமென்றால் அது செத்துக் கிடக்கிறது. பக்கத்துப் பெண்ணின் போனில் தன் எண்ணுக்கே அடித்துப் பார்த்தாயிற்று, அவன் எடுக்கவில்லை. யாருடைய போனிலாவது தன் விண்ணப்பப் பக்கத்தைத் திறக்கலாமென்றால் கடவுச்சொல் தெரியாது. விண்ணப்பம் போட்ட அன்று எல்லாவற்றையும் போட்டுக்கொடுத்தவள் மரீசா.

திரும்பியபோது, சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டு மரீசா நின்றிருந்தாள்.

"உள்ள வா. கொஞ்சம் பேசணும்" என்றாள்.

* * *

இறைச்சி வைக்கிற குளிர் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். மசாலா தடவிய இறைச்சி பெரிய பெரிய தொட்டிகளில் இருந்தது. மூச்சு புகையாக வந்தது.

"உன் போன் அஞ்சு மணிக்கு அப்புறம்தான் வரும்மா."

ஒடீலியாவுக்குப் புரியவில்லை. ஏன் என்று கேட்டாள்.

"அஞ்சு மணி தாண்டட்டும்னு அப்பா சொன்னாரு."

 மரீசா கைகளைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அம்மாவுக்கு வந்த கடிதத்தை அம்மாவுக்கு முன்னாலேயே அவள் பார்த்துவிட்டாள். அம்மாவின் பெயருக்கு வருகிற மின்னஞ்சல் அவள் கணினியிலும் வரும். விண்ணப்ப வேலைக்காக அப்படி வைத்தது. முதலில் தன்னுடையதைத் திறந்தாள், அடுத்து அம்மாவுடையதை. அம்மா வேலை முடிந்து வரும்வரை மேஜையில் உட்கார்ந்திருந்தாள். என்ன சொல்வாள், எப்படிச் சொல்வாள், தான் என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகைகூடப் பார்த்தாளாம். சந்தோஷம்மா, நீ போ, நான் அடுத்த வருஷம் வந்துடறேன். இதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அழுகை வந்தது. அப்போதுதான் அம்மா உள்ளே வந்தாள்.

"எனக்கும் இல்லைன்னே. எவ்வளவு சுளுவா சொன்னே."

அன்றைக்கே அப்பாவிடம் போய்ச் சொல்லிவிட்டாள். கோபத்தில் சொன்னது.  அப்பா, அவளே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாள், நாம் கிளறுவானேன், தேதி தாண்டட்டும் என்றாராம்.

ஒடீலியா ஒரு தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பூங்கொத்து. இறால். காலை டீ. தலையில் முத்தம்.

"எட்டு நாளா ரெண்டு பேருமா எனக்கு ஆறுதல் சொன்னீங்களா?"

"நீ எட்டு நாளா வாங்கிக்கிட்டியே."

 நீ வருத்தப்படக் கூடாதென்றுதான், என்று ஒடீலியா ஆரம்பித்தாள். மரீசா முடிக்க விடவில்லை.

"உனக்குக் கிடைச்சா எனக்குத் தாங்காதுன்னு நீயே முடிவு பண்ணிட்டே." கட்டியிருந்த கைகளைப் பிரித்தாள். "தாங்கலதான். அது வேற விஷயம்."

"மரீசா."

"என்னை ஏன் வேண்டாம்னாங்க தெரியுமா? முதல் வருஷம் பௌதிகத்துல வாங்கின அந்த டி கிரேடு. திரும்ப எழுதி பி வாங்கிட்டேன். அவங்க முதல்ல வாங்கினதைத்தான் பார்க்கிறாங்க. அந்தப் பருவம் என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அந்தப் பருவத்தில் ஒடீலியா தன் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு ஒரே சமயம் மூன்று பாடம் எடுத்தாள். வீட்டில் சமையல், துணி, அதிகாலை லாரிக்குப் போகிற துவார்த்தேவுக்குச் சாப்பாடு கட்டுவது, எல்லாம் மரீசா தலையில் விழுந்தது. நான் பார்த்துக்கிறேம்மா, நீ படி என்று மரீசாதான் சொன்னாள். ஒடீலியா ஒரு தடவைகூட மறுத்துப் பேசவில்லை. அந்தப் பருவம் ஒடீலியா மூன்று பாடத்திலும் ஏ வாங்கினாள்.

"அந்த டி உன்னோடதும்மா. என் பேர்ல இருக்கு, அவ்வளவுதான்."

  அது உண்மை என்று ஒடீலியாவுக்குத் தெரிந்தது. இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறாய், ஐந்து மணிக்கு அப்புறம் சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டாள்.

"தெரியல. மூணு தடவை வெளிய போய் ரோட்டைப் பார்த்தே. பார்க்கச் சகிக்கல."

மரீசா பின்பையிலிருந்து தன் போனை எடுத்தாள். இரண்டு தடவை தட்டினாள். பல்கலைக்கழகத்தின் பக்கம் திறந்துகொண்டது. மேலே ஒடீலியாவின் பெயர் முழுசாக இருந்தது.

"திறந்தேதான் வெச்சிருக்கேன். எட்டு நாளா தினமும் பார்க்கிறேன்."

நீயே போடு என்று ஒடீலியா சொன்னாள். தொட்டி விளிம்பைப் பிடித்ததில் அவள் கை முழுக்க மசாலாவும் கொழுப்புமாக இருந்தது.

"நான் போட மாட்டேன். பிடிச்சுக்கிறேன்."

பிடித்துக்கொண்டாள். ஒடீலியா விரலை ஏப்ரனில் துடைத்துவிட்டு அழுத்தினாள். கொழுப்பு படிந்த விரலைத் திரை ஏற்கவில்லை. மறுபடி துடைத்தாள்.  ஏற்கிறீர்களா என்று திரை கேட்டது. ஆம். நிபந்தனைகளைப் படித்தீர்களா. ஆம். உறுதியாகச் சொல்கிறீர்களா. ஒடீலியா ஒரு கணம் மகளின் முகத்தைப் பார்த்தாள். மகள் அவள் முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்த்தாள். ஒடீலியா அழுத்தினாள்.

நான்கு மணி முப்பத்தொரு நிமிடம்.

"வாழ்த்துகள்னு போட்டிருக்கு" என்று மரீசா படித்துச் சொன்னாள். போனைப் பையில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போனாள்.

* * *

துவார்த்தே ஐந்தேகாலுக்கு வந்தான். வண்டியின் பின்னால் ஐஸ் மூட்டைகள் கரைந்து பாதியாகியிருந்தன. ஐஸ் கடை பத்து நிமிடத் தூரம். கால்வாய் ஓரம் எங்கேயோ நிறுத்திவிட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறான் என்பது பார்த்ததுமே தெரிந்தது.

ஒடீலியா வண்டிப் பக்கம் போய், போனை வாங்கிக்கொண்டாள்.

"போட்டுட்டேன், துவார்த்தே."

அவன் மூட்டையைத் தூக்கின கையோடு நின்றான். எப்படி என்று கேட்கவில்லை. மண்டபத்துக் கதவைப் பார்த்தான். மகள் அங்கே இல்லை.

"நீயேதான் இல்லைன்னு சொன்னே. நான் நம்பினேன். அதுல என் தப்பு என்ன?"

"நம்பினவன் என் போனை எதுக்கு எடுத்துட்டுப் போனே?"

மூட்டையிலிருந்து அவன் பாதணிமேல் தண்ணீர் சொட்டியது. கீழே வைத்தான். அப்புறம் பேசியபோது அவன் குரல் தாழ்ந்திருந்தது. இத்தனை வருடமாக விடிவதற்கு முன் எழுந்து லாரி எடுக்கிறேன், ஒரு நாள் தவறியதில்லை, வீட்டுக்கு வந்தால் ஆள் இருக்கும் என்ற ஒரே எண்ணத்தில்தான் ஓட்டுகிறேன் என்றான். ஆள் இல்லாத வீட்டுக்கு எதற்கு ஓட்ட வேண்டும் என்றும் கேட்டான். அதில் நடிப்பு எதுவும் இல்லை. ஒடீலியாவுக்கு அதுதான் அதிகமாக வலித்தது.

"படிச்சு முடிச்சு என்ன பண்ணப்போறே? அதே ஃபேக்டரிக்குத்தானே திரும்பி வருவே."

"ஆமா. அதே ஃபேக்டரிக்குத்தான் வருவேன். படிவத்துல அந்தக் கட்டத்தை நிரப்பிட்டு."

அவன் மூட்டையை மறுபடி தூக்கினான். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இது யாருக்கும் தெரிய வேண்டாம், என் முகத்துக்காக இதையாவது செய் என்றான். கேட்டான் என்றும் சொல்லலாம், கட்டளையிட்டான் என்றும் சொல்லலாம். ஒடீலியா இன்னொரு மூட்டையைத் தூக்கினாள். இரண்டு பேருமாக ஐஸை உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள்.

* * *

ஆறு மணிக்கு ஊர்வல ஒத்திகை. வாத்தியக்காரர்கள் வந்தாயிற்று. நீள அங்கியின் ஓரங்களைப் பிடிக்க வேண்டிய சின்னப் பெண்கள் இரண்டு பேரும் வெள்ளைக் காலணி போட்டு வந்து நின்றார்கள். ராணியைக் காணோம்.

கழிப்பறையில் பார்த்தார்கள், சிற்றாலயத்தில் பார்த்தார்கள். காரும் இல்லை என்று யாரோ சொன்னார்கள். துவார்த்தே நடுக்கூடத்தில் நின்றுகொண்டு வருவாள் வருவாள் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

ஈல்டாவுக்குக் காத்திருந்து பழக்கமில்லை.

"ராணி வர்ற வரைக்கும் நீ நில்லு. ரெண்டு பேரும் ஒரே உசரம்தான்" என்று ஒடீலியாவை இழுத்துவந்து நிறுத்தினாள். வேண்டாம் அண்ணி என்று அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. நான்கு பெண்கள் உறையைப் பிரித்து அங்கியை வெளியே எடுத்தார்கள். சிவப்பு வெல்வெட், பொன் நூல், நடுவில் சிறகு விரித்த புறா. தோளில் வைத்ததும் கழுத்து பின்னால் இழுத்தது. இவ்வளவு கனமா, இதைத் தூக்கிக்கொண்டா அந்தப் பெண் நடக்கப் பழகினாள் என்று ஒடீலியா நினைத்தாள். ஒரு தடவைகூட அவளிடம் கேட்டதில்லை.

ஈல்டா கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தபோது பையில் போன் அடித்தது.

"எங்கடி இருக்கே?"

"ரோட்ல." பின்னால் லாரிகள் போகிற சத்தம். "ஞாயித்துக்கிழமை நான் நடக்க மாட்டேம்மா. அப்பாகிட்ட சொல்லிடு."

"எங்க போறே? மரீசா, எங்க போறே?"

"போய்ச் சேர்ந்ததும் சொல்றேன்." ஏதோ ஹாரன் சத்தம் கடந்துபோனது. "நான் நிஜத்தைச் சொல்லுவேன். உன்ன மாதிரி இல்ல."

வைத்துவிட்டாள்.

மண்டபம் முழுக்க ஒடீலியாவையே பார்த்துக்கொண்டிருந்தது. வாத்தியக்காரர் ஒருவர் குழலை வாயிலிருந்து எடுத்தார். துவார்த்தே கூடத்தின் மறுகோடியிலிருந்து புருவத்தை உயர்த்தி, என்னவாம் என்று கேட்டான். வழியில் இருக்கிறாள், வந்துகொண்டிருக்கிறாள் என்று சொல் என அந்தப் பார்வை கெஞ்சியது. சொல்லியிருக்கலாம். சுளுவான வார்த்தைதான்.

"வர மாட்டாளாம்" என்றாள் ஒடீலியா. கடைசி மேஜைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள். "ஞாயித்துக்கிழமையும் வர மாட்டாளாம்."

ஈல்டாவின் கை கொக்கியிலேயே நின்றுவிட்டது. "ஏன்? என்ன ஆச்சு அவளுக்கு?"

"எனக்கு இடம் கிடைச்சிருக்கு அண்ணி. அவளுக்குக் கிடைக்கல. இதை உங்க எல்லார்கிட்டயும் எட்டு நாளா மறைச்சேன். மீதியை உங்க தம்பிகிட்ட கேளுங்க."

 துவார்த்தே பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்து, மெதுவாக உட்கார்ந்தான். அங்கியின் ஓரத்தைப் பிடித்திருந்த சின்னப் பெண்கள் விடலாமா, பிடிக்கலாமா என்று தெரியாமல் நின்றார்கள். ஒடீலியா அந்தக் கனத்தோடு அப்படியே நின்று, மகள் எண்ணுக்கு மறுபடி போட்டாள். மணி அடித்தது. நின்றது. மறுபடி போட்டாள். இந்தத் தடவை மணியே அடிக்கவில்லை.